அவுலியா கட்டிய பாறை

வரிப்பத்தான்சேனைப் பக்கமிருந்த எங்கள் வயலின் மேட்டில் வெளிறிய பாறையொன்று கிடந்தது. அதன் உச்சியிலிருந்து அடிவரை, ஒரு முழ அகலத்தில், கறுப்புப் பட்டை ஒன்று ஓடியது. முன்னொரு காலத்தில் அந்தப் பாறை பிளக்கத் தொடங்கியதாகவும், அவ்வழியே வந்த இறைநேசரான ஓர் அவுலியா அதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி நிறுத்தியதாகவும், கயிறு பதிந்த தடமே அந்தக் கறுப்பு என்றும் எங்கள் வீட்டில் நம்பினோம். பிரிந்துபோகக்கூடிய எதையும் அது பிடித்துவைக்கும் என்பது அந்த நம்பிக்கையின் மறுபாதி. சவூதிக்குப் போன கணவனின் கடிதம் நின்றுபோன பெண்கள், வெள்ளாமை வெட்டும் நாட்களில் அந்தப் பக்கம் வர நேர்ந்தால், யாரும் பார்க்காத நேரத்தில் பட்டையில் கைவைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் தகப்பனாரான வாப்பா மட்டும் இவை மார்க்கத்தில் இல்லாத கதைகள் என்பார். என்றாலும் அந்தப் பாறையைக் கடக்கும்போது அவருடைய குரலும் சற்றுத் தணியும்.

எனக்கு ஒன்பது வயதானபோது என் அண்ணனான காக்காவுக்கு அக்கரைப்பற்றில் கலியாணம் பேசி முடித்தார்கள். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண்பிள்ளை மணமுடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அக்கா ராத்தாவுக்குக் கலியாணமானபோது வீட்டில் ஒரு மச்சான் கூடியதை நான் விழாவாகக் கொண்டாடியிருந்தேன். அதே வழக்கப்படி காக்கா குறையப்போகிறார் என்பதுதான் பெரும் அநியாயமாகப் பட்டது. மீனில் முள்ளெடுத்துத் தருபவர் அவர். பள்ளிக்குச் சைக்கிளில் ஏற்றிப்போபவரும், உம்மா ஏசினால் என் பங்கு ஏச்சையும் சேர்த்து வாங்கிக்கொள்பவரும் அவரே.

ஆகவே, பட்டையின் ஓரத்தில் உதிரும் நிலையிலிருந்த கறுப்புச் சில்லொன்றைப் பெயர்த்தெடுத்து, காக்காவின் புதிய சூட்கேஸில் சாரன்களுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். திட்டம் எளிமையானது. பெட்டி அக்கரைப்பற்றுக்குப் போகும். அவுலியாவின் கயிறு அதைப் பிடித்து இழுக்கும். பெட்டிக்குப் பின்னால் காக்காவும் வந்துவிடுவார்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் காக்கா வயலைப் பார்க்கப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே ஒரு வேன் நின்றது. பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் பாறையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்க, அவர்களுடைய ஆசிரியை கறுப்புப் பட்டையில் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா வயல் காவல்குடிலான வாடியில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அவுலியாவின் கதையையும் பெருமையோடு சொன்னார். ஆசிரியை சிரிக்காமல் முழுவதையும் கேட்டார்.

"வடிவான கதை தம்பி. ஆனா இது கட்டின இடமில்ல, கிழிஞ்ச இடம்."

அதன்பின் அவர் சொன்னவற்றை நான் பின்னாளில் புத்தகங்களில் படித்துத்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். வெளிறிய கல்லும் ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்ததுதான். பெருநிலங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தபோது, பூமியின் ஆழத்தில் அது பிழிந்து முறுக்கப்பட்டது. அன்று எங்கள் தீவு இந்தியாவுக்கும் மடகஸ்காருக்கும் அந்தாட்டிக்காவுக்கும் நடுவே செருகிக் கிடந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து அந்தப் பெருநிலம் இழுபட்டு விரியத் தொடங்கியபோது எங்கும் வெடிப்புகள் விழுந்தன. அவற்றின் வழியே கீழிருந்து கொதித்தேறிய குழம்பு உறைந்து, கறுத்த கல்லாயிற்று. எங்கள் பாறையில் ஓடியது அத்தகைய ஒரு வெடிப்பு. சேர்ந்த காலத்தையும் பிரிந்த காலத்தையும் ஒரே பாறை சொல்கிறது என்று ஆசிரியை மாணவர்களுக்குக் காட்டினார்.

"அப்ப எங்களோட ஒட்டிக்கிடந்த நிலம் இப்ப எங்க மிஸ்?" என்றார் காக்கா.

"ஒரு பங்கு தெற்குக் கோடியில, பனிக்குக் கீழ கிடக்கு."

"எத்தின நாளில பிரிஞ்சி போன?"

மாணவர்கள் சிரித்தார்கள். ஆசிரியை சொன்னார், "நகம் வளர்ற வேகம்தான் தம்பி. கிட்ட நிண்டு பார்த்திருந்தாலும் ஒண்டும் விளங்கியிருக்காது."

எப்போதும் மறுகதை வைத்திருக்கும் காக்கா வெறும் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். நான் அதைக் கவனித்தேனே தவிர, பொருட்படுத்தவில்லை. கிழிந்த இடத்துக் கல்லை அல்லவா அவருடைய பெட்டிக்குள் வைத்திருந்தேன்!

வீடு திரும்பியதும் சூட்கேஸிடம் ஓடினேன். பூட்டியிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது காக்கா வந்தார்.

"என்ன புள்ள, பெட்டியோட சண்டையா?"

"தொறங்க காக்கா. உள்ளுக்குக் கல்லு இரிக்கி. அது பிரிக்கிற கல்லாம்."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் வீடதிரச் சிரித்தார். "அடியே, அக்கரைப்பற்று என்ன அந்தாட்டிக்காவா? பஸ்ஸில ஏறினா ஒரு மணித்தியாலமும் இல்ல. வெள்ளிக்கு வெள்ளி வருவன், பாரு."

"ஓம் ஓம், மாமிட சோத்தத் திண்டா வெள்ளியும் தெரியா, சனியும் தெரியா," என்றாள் ராத்தா குசினி அடுப்படியிலிருந்து.

காக்கா கல்லை எடுத்து ஜன்னல் வழியே வேலிக்கு அப்பால் எறிந்தார். ஆபத்து நீங்கியது என்று நான் கண்களைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாப்பிள்ளையை ஏற்றிய கார் போனபின், உம்மா அழவில்லை. காக்காவின் பழைய சாரன்களை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். அது எனக்குக் கோபமூட்டியது. பெற்ற நாளிலிருந்தே அவர் மகனைச் சிறிது சிறிதாக அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

காக்கா சொன்ன சொல்லைக் காத்தார். ஜும்ஆ முடிந்ததும் அக்கரைப்பற்று பஸ்ஸில் வந்து இறங்குவார். ஆரம்பத்தில் நேரே குசினிக்குள் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். எந்த வெள்ளியிலிருந்து என்று என்னால் சொல்ல முடியவில்லை, உம்மா கூப்பிடும்வரை முன்கூடத்துக் கதிரையில் காத்திருக்கத் தொடங்கினார். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட பீங்கானில் உம்மா அவருக்குச் சோறு போட்டார். முன்பு தானே அள்ளிக் குடித்த தண்ணீரை, "கொஞ்சம் தாறீங்களா?" என்று கேட்டு வாங்கினார். பிறகொரு நாள் வாசற் படலையைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். அக்கரைப்பற்றை "எங்கட வீட்ட" என்று சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெடிச் சத்தம்போல் ஏதோ ஒன்று கேட்கும் என்று நான் நெடுங்காலம் காத்திருந்தேன். அது கேட்காததால் எதுவுமே நடக்கவில்லை என்று நம்பினேன்.

உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். ராத்தாவுக்கு வேறு வீடு கட்டிக் கொடுத்திருந்ததால், கடைக்குட்டிப் பெண்ணான எனக்கு இந்த வீடு வந்தது. பெருநாளுக்குக் காக்கா பேரப்பிள்ளைகளோடு வருகிறார். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, மாலை அஸர் தொழுகைக்கு முன் விடைபெறுகிறார். சென்ற மாதம் என் மகனுக்கு நிந்தவூரில் பெண் பேசி முடித்தோம். இனி இந்த வீட்டில் நானும் என் இரண்டு மகள்மாரும், சம்மாந்துறையில் தன் உம்மாவை விட்டுவந்த அவர்களுடைய வாப்பாவும் இருப்போம்.