நின்னுச்சா, நிறுத்துனியா?

மாங்காட்டுக் காமாட்சியை நம்பி வாரம் தவறாமல் வந்துபோகும் உங்கள் எல்லோருக்கும் இந்தத் தேவகியின் வணக்கம். எனக்கு அழகாகச் சொல்லத் தெரியாது. கோபக்காரி வேறு. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அந்த ஐப்பசி மாதம் எங்கள் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. பூந்தமல்லியில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் பைனான்ஸில் வாங்கிய பழைய டீசல் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை செய்யும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் கூட்டி வருவார். வீட்டு வாடகை, அரிசி, இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த வேன் ஓடினால்தான்.

கடன் சீக்கிரம் அடைய வேண்டும் என்று நான் மாங்காட்டுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொண்டு செவ்வாய்தோறும் போய்க்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாததா? அம்மனிடம் வைத்துத் தரும் எலுமிச்சம்பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த வாரம் போகும்போது திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஐந்தாம் வாரப் பழத்தை, "வண்டியில இருக்கட்டும் தேவகி, நல்லது" என்று அவர் கேட்டு வாங்கி, ஸ்டியரிங் முன்னால் இருக்கும் பலகையில் வைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஆவடி ரோடு முழுக்கப் பள்ளம். தண்ணீர் நின்றதில் கல்லும் தெரியவில்லை, குழியும் தெரியவில்லை. எங்கேயோ அடியில் இடித்திருக்கிறது. என்ஜின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி விரிசல் விட்டு ஆயில் எல்லாம் ரோட்டில் ஒழுகிவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. சென்னீர்குப்பம் வந்தபோது வண்டி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல டொக் டொக் என்று சத்தம். பயந்துபோய் உடனே அணைத்துவிட்டார். கூட வந்த பெண்கள் மழையில் நனைந்துகொண்டே நடந்து போனார்கள்.

அங்கேயே மெக்கானிக் காசிம் பாயின் ஷெட் இருந்தது. வேனைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே விட்டார்கள். மறுநாள் நானும் கூடப் போனேன். பாய் அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொட்டு ஆயில் இல்லியே நைனா. இன்னா ஆச்சு?"

"தெர்ல பாய். ஓடிகினே இருந்துச்சு, தானா நின்னுச்சு."

பாய் உச்சுக் கொட்டினார். "ஓட்டத்துலயே நின்னுச்சுன்னா என்ஜின் ஜாம் ஆயிட்சி. கிராங்கு போச்சு, பிஸ்டன் போச்சு. பிளாக்கே தேறுமான்னு தெர்ல. பாதி பணம் குடுத்துட்டு சொல்லு, பிரிக்கிறேன். பிரிச்சப்புறம் பணம் இல்லன்னு வுட்டுட்டுப் போனவன் வண்டிங்கதான் பின்னால துரு பிடிச்சிகினு கீது."

அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய வேனே வாங்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பைனான்ஸ்காரர் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். தவணை வராவிட்டால் வண்டியை, கெட்டுப்போனது என்றாலும் சரி, தூக்கிக்கொண்டு போவாராம். பக்கத்து வீடுகளில் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. வேறு வேன் வைத்திருந்த ஒருவர் அந்தத் தையல் கம்பெனியில் பேச ஆரம்பித்துவிட்டார் என்று செய்தி வந்தது. என்னிடம் விற்க நகை இல்லை. கேட்கக்கூடிய இடத்தில் எல்லாம் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தோம்.

என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"நான் போய்ட்டா, பைனான்ஸ்காரன் உங்கள வுட்ருவான் இல்ல?"

கையிலிருந்த கரண்டியை வீசி எறிந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு பூஜை அலமாரி முன்னால் விழுந்து அம்மாவையும் திட்டினேன். "ஐந்து வாரம் வந்தேனே, இதற்குத்தானா? கண் இல்லையா உனக்கு? எனக்கு வேன் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இந்த மனுஷனை மட்டும் எனக்கு விட்டுவிடு. ஒரு வழி காட்டு." பிள்ளைகள் இரண்டும் மூலையில் நின்று அழுதன. அவ்வளவு கேவலமாக நான் எந்தச் சாமியிடமும் அழுததில்லை.

விடிந்தால் செவ்வாய். ஆறாவது வாரம். போகவே மனம் இல்லை. இவரைத் தனியாக விட்டுப் போகவும் பயம். ஆனாலும் பாதியில் விட்ட வேண்டுதல் என்று பேர் வரக்கூடாது என்று குளித்துவிட்டு வந்தேன். அப்போதுதான் பழைய பழத்தின் நினைவு வந்தது. அது வேனில் இருக்கிறது, வேன் ஷெட்டில் இருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது.

"அந்தப் பழம் எங்க? வண்டியிலயே வுட்டுட்டு வந்துட்டியா?"

"இல்ல. என் சட்டைப் பையில கீது."

"சட்டைப் பைக்கு எப்படி வந்துச்சு?"

"உருண்டு கீழ வுழுந்துச்சு தேவகி. கிளட்ச்சுகிட்ட, என் கால்கீழ. அம்மன் பழத்த எப்படி மிதிக்கிறது? அதான் ஓரமா நிறுத்தி, வண்டிய அணைச்சிட்டு, குனிஞ்சி எடுத்து பையில போட்டேன். அப்பறம் ஸ்டார்ட் பண்ணாதான் சத்தம்."

அவர் சட்டைப் பையிலிருந்து பழத்தை எடுத்தேன்.

"அப்போ வண்டி தானா நிக்கலயா? நீயா நிறுத்துன?"

"நான்தான் நிறுத்துனேன். எலுமிச்சம்பழத்துக்காக வண்டிய நிறுத்துனேன்னு பாய்கிட்ட எப்படி சொல்றது? சிரிக்க மாட்டாரு?"

எனக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் "ஓட்டத்துலயே நின்னுச்சுன்னா" என்று பாய் சொன்ன வார்த்தை மட்டும் காதிலேயே இருந்தது. ஈரத் தலையோடு இவரை இழுத்துக்கொண்டு சென்னீர்குப்பம் ஓடினேன். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நின்னுச்சா, நிறுத்துனியா? சரியா சொல்லு நைனா."

"நிறுத்துனேன் பாய்."

"இத்த முதல்ல சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு!" என்று கத்திவிட்டு, முன்பக்கம் பெரிய ஸ்பேனரைப் போட்டு என்ஜினைக் கையால் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது சுற்றியது, ஜாம் ஆகவில்லை!

பணம் எதுவும் கேட்காமல் அப்போதே அடித்தொட்டியைக் கழற்றினார். உள்ளே இருந்து வளைந்த தகடு போன்ற பேரிங்குகளை எடுத்துக் காட்டினார். மேலே இருந்த வெள்ளைப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. பிறகு அந்தத் தகடுகளுக்குள் சுழலும் கிராங்குத் தண்டைத் துணியால் துடைத்து, நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். நான் அம்மா அம்மா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"நகம் மாட்டல, கீறலே இல்ல. கிராங்கு தப்பிச்சிட்சி. பேரிங்கு செட்டு, தொட்டிக்கு வெல்டிங், ஆயில், என் கூலி. அவ்ளோதான். நீ மட்டும் பூந்தமல்லி வரைக்கும் ஓட்டியிருந்தா பிஸ்டன் ராடு என்ஜின் பிளாக்க உடைச்சிகினு வெளிய வந்திருக்கும்."

முதலில் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் பாதி இப்போது, மீதியை வண்டி ஓட்டிச் சம்பாதித்துக் கொடு என்றார். இவர் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயில் மீட்டர் முள் இறங்கியதை ஏன் பார்க்கவில்லை என்று பாய் கேட்டார். முள் எப்படித் தெரியும்? ஆயுத பூஜை அன்று இவர் சந்தனமும் குங்குமமும் அப்பி வைத்தது அந்த மீட்டர் கண்ணாடி மேல்தான். சாமிக்கு வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? பாய் தலையில் அடித்துக்கொண்டு, "துடைக்கவா யம்மா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் துடைத்தார். எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் அவர் சிரிக்கவே இல்லை. "என் ஷெட்டு வாசல்லயும் ஒண்ணு கட்டிதான் வெச்சிகீறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே மாங்காடு போனேன். இவரும் வந்தார். நான் வழி காட்டு என்று அழுதது திங்கட்கிழமை. அவள் பழத்தை உருட்டிவிட்டு வழி காட்டியது வெள்ளிக்கிழமை. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டாள், நாங்கள்தான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செத்துவிடலாமா என்று யோசித்திருக்கிறோம். அதை நினைத்து நினைத்து அந்தச் சன்னிதியில் அழுதேன். இந்தத் தடவை திட்டவில்லை.

வேன் ஓடியது. கடனும் அடைந்தது. இன்றும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறோம், மீட்டரை விட்டுவிட்டு. இவர் இப்போது வெட்கப்பட்டு எதையும் மறைப்பதில்லை. எனக்கு வாய் மட்டும் குறையவில்லை.

உங்கள் வீட்டிலும் ஏதாவது நின்றுபோய்க் கிடக்கலாம். தொழிலோ, கல்யாணமோ, ஒரு மனுஷனின் பேச்சோ. எல்லாம் முடிந்தது என்று யாராவது கணக்குச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அம்மாவிடம் வாருங்கள், திட்டியாவது அழுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், அது தானாக நின்றதா, அவள் நிறுத்தினாளா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.