பருப்புக் கடைக்காரர்கள் பார்க்க வந்த விளக்கு

அப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆய்வகத்து வாசலில் வந்து நின்றதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தச்சநல்லூரில் பருப்புக் கடை வைத்திருப்பவர். கூட வந்தவர்களும் அதே தெருக் கடைக்காரர்கள். "எம்மவ புது வெளக்கு செய்யுதா" என்று அவர்களிடம் ஏற்கெனவே தம்பட்டம் அடித்திருந்தார். கல்லூரியில் பொதுமக்களை உள்ளே விடுகிற நாள் வேறு, தடுக்கவும் முடியாது.

நான் செய்வது ஓஎல்இடி. கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய கரிமப் படலங்கள். மின்சாரம் கொடுத்தால் ஒளிரும். மங்கலாக எரியும்வரை சிக்கனம்தான். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட, மின்சாரம் சூடாகி வீணாகும். அந்த விரயத்தைக் குறைக்கத்தான் என் ஆராய்ச்சி. எத்தனையோ துண்டுகள் பாழான பிறகு ஒன்றே ஒன்று கொஞ்சம் தாக்குப்பிடித்தது. மறுநாள் என் வழிகாட்டி அதை அளந்து பார்ப்பதாக இருந்தது.

அதைத்தான் எடுத்துக் காட்டினேன். வேறு துண்டு இல்லையா? இருந்தது. அப்பாவுக்கு நல்லதைக் காட்ட வேண்டும் என்று ஆசை.

பச்சையாக எள்ளளவு வெளிச்சம். ஜன்னல் வெயிலில் அதுவும் எடுபடவில்லை. ஓர் அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "என்னவே, இத்துனூண்டுக்கா இம்புட்டு வருசம்? எங்க வீட்டு சாமி ரூம் பல்பு தேவலயே!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் முகம் சுண்டிவிட்டது.

"இப்ப பாருங்க" என்று மின்னழுத்தத்தை ஏற்றினேன். பளீரென்று வந்தது. "அட!" என்றார்கள். அதோடு விட்டேனா, படுபாவி? இன்னும் ஏற்றினேன். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்து பரவியது. பொசுக்கென்று அணைந்துபோயிற்று.

"கரண்ட் போயிட்டோ?" என்றார் ஒருவர். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இல்லவே, எம்புட்டு தாங்குதுன்னு பாக்கத்தான் இப்படி ஏத்துதா. அணைஞ்சாத்தான் கணக்கு தெரியும்" என்றார் அப்பா. அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அணைந்த துண்டை நான் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டார், அவ்வளவுதான்.

மற்றவர்கள் படியிறங்கியதும் கிட்டே வந்தார். "நல்ல துண்டோம்மா அது?"

தலையை ஆட்டினேன்.

"என் தப்புதான். வெவரமில்லாம இவங்கள இங்கன கூட்டியாந்துட்டேன். இனிமே வரலம்மா."

அவர் என்ன தப்பு செய்தார்? என் திமிர் செய்த வேலை அது. 'என் தப்புப்பா' என்று இரண்டே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ச்சீ, என்ன பிறவியோ நான்!

"சரிப்பா" என்றேன்.