கழுவாத வாய்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், பிறர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

தம்பிக்குக் காய்ச்சல் வந்து கழுத்து வீங்கியது. தொண்டையில் வெள்ளையாகத் தோல் மாதிரி படிந்து, வாய் நாறியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், கிருமி சாகக் கிணற்றில் போடும் சிவப்பு மருந்தைக் கரைத்து அம்மா அவனைக் கொப்பளிக்க வைத்தாள். விரலில் துணி சுற்றி உள்ளே துடைத்தாள். அவன் கதறினான்.

“சும்மாவே நம்மள அழுக்குன்றாங்க. நாத்த வாயோட போய் நின்னா தொட்டுப் பாப்பாங்களா?” என்றாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவி, விழுப்புரத்தில் கிருமி பார்க்கும் டாக்டருக்கு ரயிலில் அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று பதில் வந்தது. டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பானுக்குப் போடும் சீரம் ஊசி யுத்தத்தால் கிடைப்பதே அரிது. இல்லாத நோய்க்கு யார் போடுவார்கள்? தம்பி மூச்சுத் திணறி அம்மா மடியிலேயே போய்விட்டான்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அடுத்து எனக்குக் காய்ச்சல். இந்த முறை அப்பா என்னையும் அம்மாவையும் நேராக விழுப்புரத்துக்கே ரயிலேற்றினார். பரிசோதனை அறை வாசலில் அம்மா சிவப்புத் தண்ணீர்ச் சொம்பை என் வாயருகே கொண்டுவந்தாள். வெளியே வந்த அந்த டாக்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கழுவிடறேங்க ஐயா. சின்னவனையும் கழுவித்தான் இட்டுக்கினு போனேன்” என்றாள் அம்மா பயந்துகொண்டே.

அவர் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, “நான் தேடறது அந்த அழுக்குலதாம்மா இருக்கு. மருந்துத் தண்ணியில கழுவிட்டா மேல இருக்கிற கிருமி செத்துடும், எனக்கு ஒண்ணும் தெரியாது. கழுவினீங்களான்னு நாங்களாவது கேட்டிருக்கணும்” என்றார்.

அம்மா அழவில்லை. சொம்பை எடுத்துப் போய்ச் சிவப்புத் தண்ணீரை மண்ணில் கொட்டினாள். டாக்டர் என் தொண்டையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். நுண்ணோக்கியில் கிருமி தெரிந்ததும் ஊசியைத் தானே வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் பிழைத்தேன்.

திரும்பும் ரயிலில், “இந்தக் கைதானே” என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அதன்பின் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பயத்தை அவளுக்குள் விதைத்தவர்கள்மேல்தான் இன்றும் ஆத்திரம்.

ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையின் முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைக்கும் ஏழைத் தாயைப் பார்த்தால் இப்போதும் எனக்கு அம்மாவின் அந்தச் சொம்புதான் நினைவுக்கு வரும். என் தம்பியைக் கொண்டுபோனது நோய் பாதி, அழுக்கு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பாதி.