பட்டம்மாள் வீட்டு நடுக்கம்

கிரேஸ் பிறந்து வளர்ந்தது பெரிய காஞ்சிபுரத்தில், தெருக்கோடியில் தனியாக நிற்கும் வீட்டில், தறி அறைக்கு அடுத்த அறையில். அம்மா பட்டம்மாள் தறியில் பலகை அடிக்கும் சத்தம் நின்றால்தான் குழந்தை விழித்துக்கொண்டு அழும்.

வளர்ந்து, மின்னணுவியல் படித்து, அந்தமானுக்கு வேலைக்குப் போனாள். அங்கே கடலுக்கு நடுவே ஓர் எரிமலை. அதனடியில் பூமி அதிர்வதைக் கருவி வைத்துக் கவனிப்பதுதான் வேலை. அதிர்வு தாளம் தப்பாமல் வர ஆரம்பித்தால் மலை குமுறப் பார்க்கிறது என்று சொல்வாள்.

தொண்ணூற்றேழில், சென்னையில் பழுதுபார்த்த கருவியை எடுத்துக்கொண்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் கப்பல். பஸ் குலுக்கியதில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். சுழலும் தாளில் முள் நேர்கோடு போட வேண்டும். அதுவோ தாளம் தப்பாமல் துள்ளியது.

"போச்சு! இத விட்டுட்டுப் போனா மலைய எத வச்சிப் பாக்கறது?"

"இன்னாடி ஆச்சு?" பட்டம்மாள் தறியை விட்டு வந்து குனிந்தாள். முள் நேராக ஓடியது. "நல்லாத்தானே இருக்குது?"

அவள் போனாள். முள் துள்ளியது. கிரேஸ் கம்பியை மாற்றினாள்; துள்ளல் நிற்கவில்லை.

"அம்மா, இங்க வாம்மா!"

வந்தாள். நேர்கோடு.

வாசலில் சவரம் செய்துகொண்டிருந்த அப்பா தேவசகாயம், பாதி முகம் நுரையோடு எட்டிப் பார்த்தார். "ஏம்மா கிரேஸ், உங்கம்மா தறியில உக்காந்தா அது ஆடுது, எழுந்தா அடங்குது. இந்த வூட்ல அவ எழுந்தா ஆடறவன் நான் ஒருத்தன்தான்பா."

கிரேஸின் வாயில் இருந்த திருகாணி கீழே விழுந்தது. தறி! ஒரு சுவருக்கு அப்பால் இவ்வளவு நேரமும் அடித்துக்கொண்டிருந்தது அவள் காதில் ஏறவே இல்லை.

பட்டம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "அப்போ பூகம்பமே நான்தான்றியா?"

மூவரும் சிரித்த சிரிப்புக்கும் முள் துள்ளியது.

"போய் அடிம்மா, சரியா புடிக்குதான்னு பாத்துடறேன்."

அடிக்கு ஒரு துள்ளல். ஒன்றையும் முள் தவறவிடவில்லை. கருவி கப்பலேறலாம். அந்த நிம்மதியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு நேரானது.

"ஊடை நூல் அறுந்துடுச்சாம்மா?"

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "உனக்கு எப்டிடி தெரியும்?"

"இதுல தெரியுதே!"

"மலையவும் இப்டித்தான் வேவு பாத்துக்கினு இருக்கியா? பாவம்டி அது," என்றாள் பட்டம்மாள், இழையை முடிந்துகொண்டே.

மறுபடி தறியில் பலகை அடி விழுந்தது. முள் துள்ளியது. கிரேஸ் கருவியை வைக்கப் பெட்டியைக் கொண்டுவர எழுந்தாள்.