டிரைவர் போட்ட கணக்கு

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவரைத் தெருவில் எல்லோரும் இன்னமும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். தூரத்தைச் சொன்னால் போதும், போய்ச் சேரும் நேரத்தை வாய் மூடுவதற்குள் சொல்லிவிடுவார். விமானத்தில் மட்டும் ஏறியதில்லை.

மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கடல் தாண்டி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரே மகள், "பிளேன் ஏறப்போறேன்பா" என்று காலையில் போன் செய்தாள். அழுகையில் வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

டிரைவர் நர்ஸிடம் கேட்டார். "சிஸ்டர், அங்கேருந்து இங்க எத்தனை கிலோமீட்டர்னு உங்க செல்லுல பாருங்களேன்."

"ஒன்பதாயிரம் காட்டுது ஐயா."

"பிளேன் எவ்வளவு வேகம் போகும்?"

"மணிக்குத் தொள்ளாயிரமாம்."

"பத்து மணி நேரம். இருட்டுறதுக்குள்ள வந்து நிப்பா."

"உங்க பஸ் என்னைக்குங்க சொன்ன நேரத்துக்கு வந்துச்சு?" வலியிலும் மனைவிக்குக் கிண்டல் போகவில்லை.

"அது ரோடு. ஆகாசத்துல யாரு குறுக்க வரப் போறா?"

நர்ஸ் ஊசியோடு வந்தாள். "இதைப் போட்டா வலி தெரியாதும்மா. ஆனா தூங்கிடுவீங்க. மறுபடி முழிப்பு வர்றது சந்தேகம்தான்."

"பிள்ளை முகத்தைப் பாத்துட்டுப் போட்டுக்கறேன். பத்து மணி நேரம்தானே."

அந்தப் பகல் எதிரிக்கும் வரக் கூடாது. தலையணை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக் கிடந்தாள். அவர் அவள் காலைப் பிடித்துவிட்டபடி, "ஆண்டவனே, அந்தப் பிளேனைச் சீக்கிரம் கொண்டுவா" என்று முணுமுணுத்தார்.

வெளிச்சம் மங்கும்போது மகள் போனில் கூப்பிட்டாள். டிரைவர் வராந்தாவுக்குப் போய் எடுத்தார். "பாதி வழியில இறங்கியிருக்கேன்பா. இங்க பிளேன் மாறணும். அடுத்தது விடியக்காலைதான். நேரா வர்ற பிளேன் கிடையாதே, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

டிரைவர் போனை வைத்தார். உள்ளே போனதும் மனைவி தலையைத் தூக்கினாள்.

"வந்துட்டாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சாகப்போகிறவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்ல. நாளைக்கு மத்தியானம் ஆயிடும். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "இனி என்னால முடியலைங்க" என்றாள். அவர் மகளைத் திரும்பக் கூப்பிட்டு, செல்லை மனைவி காதில் வைத்தார்.

"அம்மா!"

"பத்திரமா வா. பிளேன்ல குடுக்கறதைச் சாப்பிடு, வேணாம்னு திருப்பி அனுப்பாத."

பிறகு அவரே போய் நர்ஸைக் கூட்டிவந்தார்.

மறுநாள் மத்தியானம் மகள் பெட்டியோடு ஓடிவந்தாள். அம்மாவுக்கு மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? ஏன்பா ஊசி போட விட்டீங்க?"

"பொறுத்தாம்மா. பகல் பூரா பொறுத்தா. நான் சொன்ன நேரத்தை நம்பி."

மகள் அம்மாவின் காதருகே குனிந்து பேசிக்கொண்டேயிருந்தாள். காது மட்டும் கேட்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மூச்சு நின்ற பிறகும் டிரைவர் மகளைத் தடுக்கவில்லை.