சோமனூரில் என் நடையோடு இன்னொருவர்

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை சோமனூர் போய்வந்தேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. எலும்பு கரையும் வேகத்துக்குக் கடிவாளமாக உடம்பு ஒரு புரதத்தை ரத்தத்தில் கலந்துவிடுகிறது. நோய் எதிர்ப்புச் செல்களிடமும் அதற்கு வேலை உண்டு. ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்று பெயர். அதை உண்டாக்கும் மரபணு என்னிடம் பழுது; அதனால் கால் எலும்பு வளையும், மண்டை எலும்பு தடிக்கும். அதே பழுதுள்ள ஒருவர் சோமனூரில் இருப்பதாகவும், என்னைப் பார்க்கச் சம்மதித்ததாகவும் டாக்டர் சொன்னார். எலும்பு கரைவதைக் கட்டுப்படுத்தும் மருந்தை ஏற்றிக்கொள்வதை நான் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

திருப்பூரில் 10.10க்குப் பஸ். இருபது கிலோமீட்டர், 25 ரூபாய், ஐம்பது நிமிடம். வளைந்த காலை நீட்ட நடைபாதைப் பக்க இருக்கைதான் தோது.

இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் ஓர் ஆட்டோக்காரர், "பழனிசாமி அண்ணன் ஊட்டுக்குங்களா?" என்றார். நான் விலாசமே சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றேன். என் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஒன்றரை கிலோமீட்டர், அறுபது ரூபாய்.

தறிக் குடோன் வாசலிலிருந்து ஒருவர் என்னை நோக்கி நடந்துவந்தார். கடைக் கண்ணாடிகளில் நான் பார்த்துப் பழகிய நடை. என்னுடைய நெற்றி. அவருக்கு ஐம்பது இருக்கும், எனக்கு முப்பத்தொன்று. எந்த உறவும் இல்லை.

பழனிசாமிக்குக் காது கேட்காது; தடிக்கும் மண்டை எலும்பு காதையும் கெடுத்துவிடும். மனைவி சரஸ்வதிதான் பேசினார். பேச்சுக்கு நடுவே சட்டென்று என் நெற்றியில் கை வைத்து, இடது புருவத்துக்கு மேல் நிறுத்தினார்.

"அவுருக்கும் இங்கதானுங்க மொதல்ல தடிச்சுது."

காது போனது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சரஸ்வதி சைகையில் கேட்க, பழனிசாமி ஏற்ற இறக்கமில்லாத உரத்த குரலில் சொன்னார்: "தறி நின்னுபோச்சுன்னு நெனச்சனுங்க. உள்ள வந்து பாத்தா அத்தனையும் ஓடிட்டிருக்குது."

உள்ளே கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு தறிகள். சத்தம் தாங்காது என்று சரஸ்வதி எச்சரித்திருந்தார். எனக்கு அப்படியொன்றும் தெரியவில்லை. சந்தேகம் வந்து வலது காதை அடைத்தேன். எதுவும் மாறவில்லை. இடது காதை அடைத்தேன். தரை உள்ளங்காலில் அதிர்ந்தது, நூல் கொண்டோடும் நாடாக்கள் பறந்தன, சத்தம் மட்டும் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

பழனிசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து ஏத்தறத நான் தள்ளிப்போட்டனுங்க. நீங்க தள்ளிப்போடாதீங்க கண்ணு."

அடுத்த திங்கட்கிழமையே மருந்து ஏற்றிக்கொண்டேன். வலது காதில் போனது திரும்பாதாம். இடதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

இப்படி யாரையாவது பார்க்கப் போகிறவர்களுக்கு: டாக்டர் மூலமாக, அவர்கள் சம்மதத்தோடு போங்கள். முதலில் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். நான் தனியாகப் போனேன். திருப்பூர் வரும்வரை ஐம்பது நிமிடமும் ஒவ்வொரு காதாக அடைத்து அடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.