பால் வாளி தூக்கிய பல்

என் தாய்மாமன் பல்லால் பால் வாளியைத் தூக்குவார். ஈப்போ பக்கம் லகாட்டுக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், கோயில் திருவிழாவுக்கு மறுநாள் நடக்கும் விளையாட்டுப் போட்டியில் அதுதான் கடைசி வேடிக்கை. மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் அதைச் சேர்க்கும் வாளியில் தண்ணீரை நிரப்பி, பிடியில் துண்டைச் சுற்றிக் கடித்து, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்வார். தோட்டத்தில் அவருக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பல் துலக்கும்போது அவருக்கு ரத்தம் வரும். உடம்புச் சூடு என்றார் அம்மா. ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்காதே என்று தன் தம்பிக்குக் கட்டளையிட்டு, மோரும் வெந்தயத் தண்ணீரும் கொடுத்தார். மாமாவும் வாயைக் கொப்பளிப்பதோடு சரி என்று இருந்துவிட்டார். கிருமிக்கு விருந்து வைக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? பல்லோரத்தில் படிகிற அழுக்கில் கிருமிகள் குடியேறும். அவற்றை விரட்ட உடம்பு அங்கே ரத்தத்தைத் திரட்டி அனுப்பும். ஈறு சிவந்து வீங்கும். அந்தச் சண்டை ஓயாமல் நீண்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் சேர்ந்து கரையும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். இதெல்லாம் பெரும்பாலும் வலிக்காமலே நடக்கிறது. வலித்திருந்தால் மாமா முன்பே டாக்டரிடம் போயிருப்பார்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், வாளி பாதி உயரத்திலிருந்து விழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரின் கால்சட்டை நனைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மாமா துண்டில் ஒட்டியிருந்த தன் முன்பல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஈப்போவுக்குப் பஸ் ஏறினார். பல்லில் குற்றமில்லை, ஈறுதான் கெட்டிருக்கிறது, மற்ற முன்பற்களும் ஆடுகின்றன, அவையும் இப்படியே விழக்கூடும் என்று பல் டாக்டர் சொன்னாராம். அம்மா அந்த டாக்டரைத் திட்டினார். மாமாவும் நம்பவில்லை.

"இந்த ஒரு பல்லுதான்கா சொத்தையா இருக்கும். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பிறகு என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, அந்தப் பல்லைக் கையில் கொடுத்தார்.

"பாப்பா, உனக்குக் கண்ணு நல்லா தெரியும். இதுல எங்கயாச்சும் ஓட்டை இருக்கா, பாருலா."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேர் வரைக்கும் முழுசாக இருந்தது.

"ஒன்னுமே இல்ல மாமா. நல்ல பல்லு," என்றேன்.

மாமா அதை வாங்கிக்கொண்டு எழுந்து போனார். நல்ல சேதி சொன்னவளைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லையே என்று அன்று முழுக்க எனக்கு அவர்மேல் கோபம்.